சிறுவெண்காக்கை: ஒரு பெயராய்வு

மான்குர்த் நிலையத்தைக் கடந்து வாஷியை நோக்கித் தொடர்வண்டி தாணேக் கழியின் பாலத்தில் ஏறும்பொழுது, மார்கழி, தைத் திங்களில் நீர்ப்பரப்பின்மேல் வெண்புள்ளினம் சுழன்று திரிவதை நாம் கண்டிருக்கிறோம். இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று பிள்ளைகள் கேட்டால் நம்முள் பலர் 'கடற்புறா' என்போம். சாண்டில்யனின் புதினம் தந்த பழக்கம் அது. ஆங்கே அது ஒரு மரக்கலத்தின் பெயர். கப்பலுக்கு அழகிய பெயர்தான். பறவைக்கோ இன்னும் பழைய பெயர் உண்டு.

ஐங்குறுநூற்றில் நெய்தற்குரிய நூறு பாடல்களைப் பாடியவர் அம்மூவனார். அவற்றுள் 161 முதல் 170 வரையுள்ளவை சிறுவெண்காக்கைப் பத்து எனப்படும். பத்தும் கடற்கரையில் வாழும் அப்பறவையைச் சொல்லியே தொடங்குகின்றன.

காக்கை கருமைக்கே உவமையானது. அதனை வெண்மையோடு சேர்த்தது முரணாகத் தோன்றலாம். ஆயினும் முற்றத்தில் நாளும் காணும் பறவையை அளவுகோலாகக் கொண்டு புதியதற்குப் பெயரிடுவது மக்கள் இயல்பு. நீர்க்காக்கை என்னும் பெயரும் அவ்வாறு வந்ததே. அப்பறவையை ஆங்கிலேயர் 'கார்மரண்ட்' என்பர். அச்சொல்லும் 'கடற்காக்கை' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து பிறந்ததே. தொடர்பில்லாத இரு மொழியார் ஒரே வழியில் எண்ணியிருக்கின்றனர்!

இனி, சிறுவெண்காக்கை எது? கடற்காகம் எனச் சிலர் பொருள் கூறுவர். நமக்கு அது உடன்பாடன்று. லடாக், திபெத்து ஏரிகளில் ஈன்று, பனிக்காலத்தில் நம் கரைக்கு வரும் பழுப்புத்தலைக் கடற்காகம் ஊர்க்காக்கையின் அளவேனும் இருக்கும். 'சிறு' என்னும் அடை அதற்குப் பொருந்தாது. மேலும், 168ஆம் பாடலில் இப்பறவை துறையில் கிடக்கும் தோணியினுள்ளே ஈனுகின்றது. கடற்காகமோ தமிழகக் கரையில் ஈனுவதில்லை. ஆலா என்று நெய்தல் நிலத்தார் வழங்கும் பறவையினத்துள் சிறியவை காக்கையினும் சிறியன, சிறுமீன் உண்பன, தோணியிலும் கழியிலும் அமர்வன, அவற்றுட் சில நம் கரைமணலிலேயே முட்டையிடுவன. ஆகலின் ஆலாவே என்பது நம் துணிபு. புன்னைக் கிளையில் அது தங்குவதாக வரும் இடங்கள் நம் கருத்துக்குத் தடையே. ஆலா மரக்கிளையை நாடுவதன்று. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை.

பெயரை இவ்வளவு ஆய்வது எதற்கு என்பார்க்கு 166ஆம் பாடலைக் காட்டுவோம். கரையிற் கிடக்கும் வரியுடைய வெண்பலகறையை வலையென்று எண்ணிப் பறவை வெருவுகிறது. வலையல்லாததற்கே அஞ்சும் அச்சிறு புள் எங்கே, தலைவன் சொல்லை நம்பி அஞ்சவேண்டியதற்கு அஞ்சாது போன தலைவி எங்கே! அவள் கண்கள் நலனிழந்ததை இகழ்ச்சிக் குறிப்பாகச் சொல்லிப் பாடல் முடிகிறது. நாளும் வலைக்கிடையே மீன் தேடி, வலையை அறிந்த பறவையாக இருந்தால்தான் இந்த அச்சத்திற்குப் பொருள் உண்டு. 'ஏதோ ஒரு கடற்பறவை' என்று உரை கூறி நகர்ந்தால் பாட்டின் உயிர்நிலை போய்விடும்.

மராத்தியர் கடற்காகத்தைக் 'குரவ்' என்றும் ஆலாவைச் 'சுரய்' என்றும் வேறுபிரித்தே வழங்குகின்றனர். 'குரவ்' நம் 'குருகு'தான் என்று நண்பர் சிலர் மகிழ்வதுண்டு. ஒலி ஒத்தால் மட்டும் உறவு ஆகாது. குருகு என்பது நாரை, கொக்கு முதலியவற்றுக்கும் வழங்கிய சொல். ஆனால் அவர்கள் இரண்டாகப் பிரித்துக் காண்பதை நாம் கடன் வாங்கலாம். பாலத்தில் வண்டி செல்லுகையில் பருத்த உடலுடன் நீரில் மிதப்பதைக் கடற்காகம் என்றும், பிளவுபட்ட வாலுடன் மேலிருந்து நீரில் பாய்ந்து மீன் பற்றுவதை ஆலா என்றும் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அம்மூவனார் அதனைச் சிறுவெண்காக்கை என்றார் என்பதையும் உடன் சொல்வோம்.