விலாசம் உள்ளவனும் இல்லாதவனும்

காரைக்குடியில் வணிகம் பற்றிப் பேச்செடுத்தால் ரெண்டு வாக்கியத்துக்குள் 'நாணயம்' வந்துவிடும். "அந்தக் காலத்துல ஒரு சீட்டுக்கூட எழுதாம லட்சக்கணக்குல குடுத்து வாங்குனாக" என்று சொல்லாத பெரியவர் இல்லை. சீட்டு எழுதாமல் என்பதே சரியில்லை. குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று எழுதித் தீர்த்தவர்கள் நகரத்தார். ஆனாலும் அந்தப் பெருமைப் பேச்சுக்குள் ஒரு கருத்தாக்கம் இருக்கிறது: வணிக ஒழுக்கம் என்பது பண்பாடு, அது ரத்தத்தில் வருவது. மேலாண்மைப் பாடநூல்காரர்களுக்கும் இது உவப்பானது. சொல்லாமல் உணர்த்தும் பண்பாடு, எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்கும் பண்பாடு என்று எட்வர்ட் ஹால் 1976இல் பிரித்துவைத்ததை எடுத்துக்கொண்டு, எந்த ஊர்க்காரனிடம் எப்படிப் பேசினால் சரக்கு விற்கும் என்று வகுப்பெடுக்கிறார்கள். இந்தச் சொல்லாடலில் எப்போதும் விடுபட்டுப் போகிற ஆள் ஒருவன் உண்டு. கடன் வாங்கியவன்.

பர்மாவை எடுத்துக்கொள்வோம். 1852க்குப் பிறகு கீழ்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, ஐராவதி டெல்டா முழுக்க நெல்வயலானது. அந்த வயலுக்குப் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் இந்த வறண்ட சீமையிலிருந்து 'கொண்டுவிக்க'ப் போனவர்கள். 1929–30இல் விசாரித்த மாகாண வங்கி விசாரணைக் குழு, அவர்கள் போட்டிருந்த பணத்தை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

இந்தப் பணம் தமக்குள் எப்படிப் பேசிக்கொண்டது? விலாசத்தால். ஒரு கடையின் விலாசத்தில் தாத்தன், அப்பன், மகன் பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக நிற்கும். ஆனா, மூனா, ரூனா என்று வாயால் சொல்லும்போதே எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டில் பெண் கொடுத்தவர்கள் என்பதெல்லாம் கேட்கிறவனுக்கு விளங்கிவிடும். ஒன்பது கோயிலில் ஏதோ ஒன்றின் புள்ளி அவர். ஆகவே கடைக்கும் கடைக்குமான கடனுக்குப் பெரும்பாலும் ஈடு தேவைப்படவில்லை. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் தமிழ் மாதந்தோறும் கூடி 'நடப்பு வட்டி'யை நிர்ணயித்தார்கள். சாமி சன்னதியும் வட்டிச் சந்தையும் ஓரிடம். டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூலில் சாதியமைப்பே இங்கு வங்கியமைப்பாக இயங்கியது என்று காட்டினார். இதைப் பாராட்டாக மட்டும் வாசிக்கிறவர்கள் நம்மில் அதிகம். சாதியே வங்கி என்றால், சாதிக்கு வெளியே நிற்பவன் அந்த வங்கியின் உள்மொழிக்கும் வெளியேதான் நிற்கிறான்.

பர்மியனுக்கு அப்பன் பெயர் முன்னால் வருவதில்லை. குடும்பப் பெயரும் கிடையாது. பெயருக்கு முன் வருவது வயசும் மரியாதையும்தான். இளையவனாக இருக்கும்போது 'மவுங்', சமவயதுக்காரன் கூப்பிட்டால் 'கோ', பெரியவனானால் 'ஊ'. ஒரே ஆள் வாழ்நாளில் மூன்று விதமாக அழைக்கப்படுவான். மூன்று தலைமுறையை மூன்றெழுத்தில் வாசிக்கப் பழகிய கண்ணுக்கு இவன் விலாசமில்லாதவன். எனவே நிலப் பத்திரம் இவனது விலாசமானது என்பது என் வாசிப்பு. இந்த இடத்தில் 'பண்பாட்டு வேறுபாடு' என்று சொல்லி நிறுத்திவிடலாம், நிறுத்தினால் மோசடி. ஏனென்றால் நடுவில் மூன்றாவதாக ஒரு மொழி இருந்தது, கோர்ட்டின் ஆங்கிலம். கடை தமிழில் எழுதியது, விவசாயி பர்மியத்தில் பேசினான், தீர்ப்பு ஆங்கிலத்தில் வந்தது. புரிந்துகொள்ளாமை எல்லாருக்கும் ஒரே விலையில் கிடைக்கவில்லை.

1930இல் நெல் விலை விழுந்தது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 6 சதவீதத்திலிருந்து 1938க்குள் 25 சதவீதமானது. நிலம் வேண்டுமென்று போனவர்கள் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பணம் மண்ணாக உறைந்துபோனது அவர்களுக்கும் நட்டம்தான். ஆனால் ஆளுநராக இருந்த ஹார்கோர்ட் பட்லர், செட்டியார்கள் இல்லையென்றால் பர்மாவுக்கு இந்த வளர்ச்சி ஏது என்று புகழ்ந்த அதே காலகட்டத்தில், விசாரணைக் குழுமுன் வந்த ஒரு கரேன் சாட்சி இவர்களைத் தீயுமிழும் நாகங்களோடு ஒப்பிட்டான். முதலாவது பேச்சு மலர்களிலும் மேடைகளிலும் நமக்கு வந்து சேர்ந்தது. ரெண்டாவது ஏன் வரவில்லை?

நம் இலக்கியத்திலும் வரவில்லை. இந்த உலகத்தை உள்ளேயிருந்து எழுதியவர் சிங்கம்புணரியில் பிறந்து 1938இல் மேடானுக்குப் போன ப.சிங்காரம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், சமையலாள் என்ற அடுக்கையும், யார் யாரிடம் எந்தக் குரலில் பேசவேண்டும் என்பதையும் அவரைப்போல் யாரும் பதிவு செய்ததில்லை. 'கடலுக்கு அப்பால்' நாவலில் வயிரமுத்துப் பிள்ளை தன் மகள் மரகதத்தைச் செல்லையாவுக்குக் கொடுக்க மறுப்பதற்குக் காரணம் சாதியோ சொத்தோ இல்லை. துப்பாக்கி தூக்கிப் பட்டாளத்துக்குப் போய்வந்தவன் வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான், அவ்வளவுதான். பணிவு என்பது அங்கே குணமாக இல்லை, மூலதனமாக இருக்கிறது. அதை ஒருதரம் இழந்தவனுக்குக் கணக்கில் இடமில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: முதலாளி செட்டியார் இல்லை, பிள்ளை. 'ரத்தத்தில் வருவது' என்ற கதையை சிங்காரம் சத்தமில்லாமல் உடைத்துவிடுகிறார். பெட்டியடியில் சின்னப் பிராயத்திலேயே உட்காரவைத்து அடித்துத் திருத்திக் கற்பிக்கப்படுவதுதான் அந்தப் பண்பாடு.

ஆனால் சிங்காரத்திடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மலாயும் டச்சும் சீனமும் அவர் பக்கங்களில் கலந்து ஒலிக்கின்றன. 'புயலிலே ஒரு தோணி' (1972) தெருத்தெருவாக அந்தச் சத்தத்தைக் கேட்கவைக்கிறது. இருந்தும் கடன் வாங்குகிற உள்ளூர்க்காரன் கடைவாசலோடு நின்றுவிடுகிறான். அவன் வீட்டுக்குப் போய் அந்த இரவு மனைவியிடம் என்ன சொன்னான் என்பது தமிழில் எழுதப்படவே இல்லை. கடையில் உட்கார்ந்திருப்பவனின் பார்வைதான் நாவலின் பார்வையும். சிங்காரத்தையே கொண்டாடுகிற நாம் இந்த எல்லையைக் கேட்காமல் விட்டது அவருக்கும் மரியாதையில்லை.

போன வருஷம் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடையொன்றில் எனாமல் தூக்குச்சட்டிகளுக்கு அடியில் ஒரு பேரேடு கிடந்தது. கறையான் பாதி தின்றது. பற்று வரிசையில் தமிழெழுத்தில் 'மவுங்', 'மவுங்', 'மா' என்று பெயர்கள். காதில் விழுந்தபடி எழுதியவை, ஒரே பெயருக்கே ரெண்டு எழுத்துக்கூட்டு. ஓர் 'ஊ' கூடக் கண்ணில் படவில்லை. கடைக்காரர் அட்டையின் தோலுக்குத்தான் விலை சொன்னார், "உள்ள இருக்கறதெல்லாம் வேஸ்ட் சார், யாருக்கும் படிக்கத் தெரியாது" என்றார்.