பூவின் அழகும் படத்தின் அழகும்

பூ அழகானது, ஆகவே பூவின் படமும் அழகானது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நிலவையும் மல்லிகையையும் பெயர் சொல்லி அழைத்துவிட்டாலே கவிதை பிறந்துவிடும் என்று நம்புவதற்கு ஒப்பானது இது. பூவின் அழகு படைத்தவனுடையது. படமெடுத்தவர் தம் பங்குக்கு என்ன செய்தார் என்பதே விமர்சகனின் கேள்வியாக இருக்க வேண்டும்.

பேர்லினில் கலைப் பாடசாலை ஆசிரியராக இருந்த கார்ல் புளொஸ்பெல்ட் (1865–1932), மாணவருக்கு வடிவங்களைக் கற்பிக்கவே செடிகளைப் படமெடுத்தார். 1928இல் வெளிவந்த அவரது 'கலையின் மூல வடிவங்கள்' நூலில் 120 படங்கள் உள்ளன. வெற்றுப் பின்னணியில் ஒரு மொட்டோ தளிரோ பல மடங்கு பெருத்து நிற்கும், வேறொன்றும் இராது. சுருண்ட பன்னத்தளிர் இரும்பு வேலைப்பாடு போலத் தெரிகிறது. எதை விலக்குவது என்ற தெளிவே அவரது பலம். ஆயினும் அங்கே காற்றில்லை, மண்ணில்லை. செடி உயிரிழந்து வார்ப்பாகிவிடுவதை ஒரு குறையாகவே நான் காண்கிறேன்.

இக்குறையைத் தாண்டியவர் அமெரிக்கரான இமோஜன் கனிங்ஹாம் (1883–1976). சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டோடிருந்த காலத்தில் அவர் செடிகளின் பக்கம் கமராவைத் திருப்பினார். 1925ஆம் ஆண்டின் 'மக்னோலியா மலர்' படத்தில் ஒரே பூ சட்டத்தை நிறைத்து நிற்கிறது. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனால் வெள்ளை இதழ்களுக்குள் எத்தனை சாம்பல் படிகள்! ஒவ்வொரு மடிப்பும் மென்மையாக உயிர்ப்புடன் தெரிகிறது.

அந்த மென்மை ஒளியளவால் வந்தது. கமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமென்றே கணிக்கும். வெள்ளைப் பூ சட்டத்தை நிறைத்தால் படம் மங்கி அழுக்காகும். அப்போது ஒளியை ஏறக்குறைய இரு மடங்காக்க வேண்டும். இருண்ட இலைகளுக்கிடையே சிறு வெள்ளைப் பூவென்றால் நிலைமை தலைகீழ். இதழ் வெளிறிக் கோடுகள் அழிந்துபோகும். ஒளியைக் குறைக்க வேண்டும். டிஜிட்டல் படத்தில் முற்றாக வெளிறிய இடத்தைப் பின்னர் மீட்கவும் முடியாது.

நமது சஞ்சிகைகளின் அட்டைகளில் வரும் பூப்படங்கள் பலவற்றில் இவ்விரு தேர்வுகளும் இல்லை. உச்சி வெயிலில் எடுத்த செவ்வரத்தை. இதழெல்லாம் ஒரே சிவப்புத் திட்டு. பின்னால் மதிலும் கம்பியும். காலை வெயிலுக்கோ ஒரு மேகத்துக்கோ காத்திருந்து, இரண்டடி நகர்ந்து நின்றிருந்தால் பாதிக் குறை தீர்ந்திருக்கும். பலர் அதைச் செய்யாமல் கணினியில் நிறத்தைக் கூட்டுகிறார்கள். கருத்தில்லாக் கவிதைக்கு அடைமொழி கூட்டுவதும் இதுவும் ஒன்றே.

விலக்கத் தெரிவதும் அளவறிவதும் எழுத்துக்கும் பொதுவான ஒழுக்கங்கள். பூவுக்குரிய பாராட்டைப் படத்துக்குக் கொடுத்துவிடும் வாசகனும், பொருளுக்குரிய மதிப்பைக் கவிதைக்குக் கொடுத்துவிடும் விமர்சகனும் கலையை வளர்க்கப் போவதில்லை.