செப்படி வித்தையும் நடுவர் நாற்காலியும்

மேஜிக் போட்டிக்குப் போகலாமா வேண்டாமா என்று குழம்புகிறவர்கள் முதலில் யான் ஃப்ரிஷின் ‘பல்தாஸ்’ பார்க்கட்டும். 2012இல் பிளாக்பூலில் நடந்த ஃபிஸ்ம் உலகப் போட்டியில், க்ளோஸ்-அப் பிரிவில் கிராண்ட் பிரி வாங்கியது. கோப்பையும் பந்தும்தான்; நம்மூர் செப்படி வித்தைக்குப் பங்காளி. ஆனால் இங்கே பந்து வித்தைக்காரனுக்கே அடங்குவதில்லை. வேண்டாத இடத்தில் சிவப்புப் பந்து வந்துகொண்டே இருக்கிறது, மனுஷன் கண்முன்னே நிலைகுலைந்துபோகிறான்.

ஃபிஸ்மில் நடுவர்களும் வித்தைக்காரர்கள். பந்து எங்கே ஒளியும் என்று தெரிந்தவர்கள். அவர்களிடம் வெறும் கைவேகம் எடுபடாது, அது எதற்காக என்று கேட்பார்கள். டிவிக்காரன் கேட்பானா? இந்த ஒன்றுக்காகவே போகலாம்.

சிக்கலும் அங்கேதான். விதிப்படி மேடையில் அதிகபட்சம் 10 நிமிடம். வருஷக்கணக்கில் அதையே இழைத்தவனிடம் பதினோராவது நிமிடத்துக்குச் சரக்கு இருக்காது. சக வித்தைக்காரர் வாய்பிளக்கும் நுணுக்கம், டிக்கெட் வாங்கி வந்த குடும்பத்தின் கண்ணிலேயே படாது.

நெதர்லாந்தின் ஃப்ரெட் காப்ஸ் ஃபிஸ்ம் கிராண்ட் பிரியை மூன்று முறை வாங்கியவர். 1964 பிப்ரவரி 9, எட் சல்லிவன் ஷோ. பீட்டில்ஸ் அமெரிக்க டிவியில் முதன்முதலாக நேரலையில் பாடிய ராத்திரி. அவர்கள் முதல் சுற்றை முடித்ததும் அடுத்து இவர்தான். சீட்டு, பிறகு உப்பு. கையில் ஒரு பிசிறு இல்லை. அந்த ராத்திரியைப் பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்?