ஏலாக்குறிச்சியில் ஓர் அயல்மாணாக்கர்

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூருக்கு அண்மையில், அடைக்கல மாதா கோயிலால் பெயர்பெற்று விளங்கும் ஏலாக்குறிச்சிக்கு, அயல்நாட்டு மொழிக் கல்வியைப் பற்றிய விசாரணையில் ஓர் இடமுண்டு என்றால் சிலர் வியப்படையக்கூடும். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி இளைஞன் ஒருவன் ஜப்பானிய மொழி கற்க விரும்பினால், அந்நாட்டிற்கே சென்று ஓராண்டு தங்கி, மொழியையும் பண்பாட்டையும் ஒருங்கே பயின்று வருவதே உத்தமமான மார்க்கம் என்று அவனுக்கு உபதேசிப்பது இந்நாளைய வழக்கம். இம்முறையை அதன் குணத்தோடும் குற்றத்தோடும் நிறுத்துப் பார்க்க விழைவோர் டோக்கியோவில் உதாரணம் தேட வேண்டியதில்லை. இதே மண்ணில் தங்கி, அம்முறையை அதன் எல்லைவரை கொண்டு சென்ற மாணாக்கர் ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தார்.

இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, 1710இல் கோவாவில் வந்திறங்கிய கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்னும் இயேசு சபைத் துறவி, தமிழின் அகரத்தைக் கற்கத் தொடங்கியபோது முப்பது வயதை எட்டியிருந்தார். வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் இவர், ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அப்பெயரால் ஒரு கலம்பகமும் பாடினார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை இயற்றினார். 1747இல் மறையும்வரை தாய்நாடு திரும்பவேயில்லை. சுப்பிரதீபக் கவிராயரிடம் இவர் பாடம் கேட்டார் என்பது மரபுவழிச் செய்தி. ஓராண்டுத் தங்கலோடு இதை ஒப்பிடுதல் நியாயமன்று என்று வாசகர் ஆட்சேபிக்கலாம். கால அளவை அவ்வாறே விட்டுவிடுவோம். கற்ற முறையைப் பார்ப்போம்.

அம்முறையின் தலையாய குணத்தை அவர் 1732இல் முடித்த சதுரகராதி காட்டுகிறது. அதற்கு முன்னர் நம்மவர் சொற்பொருள் அறிய நிகண்டுகளையே நம்பியிருந்தனர். நிகண்டு செய்யுளாலானது, திண்ணைப் பள்ளியில் பிஞ்சு வயதிலேயே உருப்போட்டவனுக்கு, வேண்டிய சொல் வேண்டிய நேரத்தில் நாவில் வந்து நிற்கும், உருப்போடாதவனுக்கோ எந்தச் சூத்திரத்தைப் புரட்டுவது என்றே தெரியாது. முப்பது வயதில் வந்த அயலாருக்கு அந்தப் பிஞ்சு வயது ஏது? ஆகவே பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்து, சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். தம்முடைய இடர்ப்பாட்டைத் தீர்த்துக்கொள்ள அவர் கண்ட உபாயம், தமிழைத் தாய்மொழியாக உடையவர்களுக்கே நிரந்தரமான கருவியாயிற்று. உள்ளூரான் இடறாத இடத்தில் அயலான் இடறுகிறான். அப்படி இடறியவர் அவ்விடத்தில் ஒரு படி கட்டினார் என்பதே சதுரகராதியின் சரித்திரம்.

ஜப்பானிலும் இதுவே நிகழ்ந்தது. நம் முத்துக்குளித்துறையில் ஊழியம் புரிந்த பிரான்சிஸ் சவேரியார் 1549இல் ககோஷிமாவில் இறங்கினார். அவர் வழிவந்தோர் நாகசாகியில் 1603இல் ஜப்பானிய–போர்த்துகீசிய அகராதி ஒன்றை அச்சிட்டனர். அக்காலத்து உச்சரிப்பையும் வட்டார வழக்கையும் அறிவதற்கு ஜப்பானிய அறிஞர்களே இன்று அதைத்தான் புரட்டுகின்றனர்.

பேச்சுத் தமிழையும் செய்யுள் தமிழையும் இரண்டு தனித்தனிப் பாடங்களாகக் கொண்டு, கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக வேறுவேறு இலக்கணங்களை இலத்தீனில் எழுதியதும் முனிவரின் மதிநுட்பமே. (கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் அச்சேறியது, அவர் கண்டித்து நூல் எழுதிய தரங்கம்பாடி லூத்தரன் சபையாரின் அச்சகத்தில்! சண்டைக்காரர் வீட்டிலேயே நூல் அரங்கேறியது வேடிக்கைதான்.)

இனிக் குற்றத்திற்கு வருவோம். பேச்சுத் தமிழ் பயிலும் பாதிரிமார்க்கு வாசகமாக அவர் பரமார்த்த குருவின் கதையை எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும், ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையை நீரில் தோய்த்துப் பார்ப்பதும், கரையேறியபின் எண்ணுகிறவன் தன்னைவிட்டு எண்ணி ஓர் ஆள் குறைகிறதென்று அழுவதும் இன்றும் குழந்தைகளைச் சிரிக்க வைக்கின்றன. உரைநடை சரளமானது; ஹாஸ்யம் உயர்ந்தது. ஆயினும் அயல்நாட்டு மாணவன் கையில் முதற்பாடமாகக் கொடுக்கப்படும் நூலில், அவன் வாழப்போகும் நாட்டின் குருவும் அவருடைய சீடர்களும் அசடர்களாகவே காட்சி தருவது சாமானியமான காரியமன்று. மொழியைக் கற்பிக்கும் வாக்கியமே அம்மொழியினரைப் பற்றிய ஓர் அபிப்பிராயத்தையும் ஓசைப்படாமல் புகட்டிவிடுகிறது.

திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பாலோடும் பொருட்பாலோடும் அவர் நிறுத்திக்கொண்டதும் இவ்வகையதே. துறவியாகிய அவர் இன்பத்துப்பாலை விலக்கியதில் அதிசயமில்லை. ஆனால் அதை விலக்கிவிட்டு அறிந்த வள்ளுவர் பாதி வள்ளுவரே.

இவற்றினும் கனமான குற்றம் ஒன்று அவருக்கு முன்பே இயேசு சபையில் வேரூன்றியிருந்தது. ஒரு நாட்டின் பண்பாட்டைத் தழுவுவதென்றால், அதில் எந்தப் படியில் நின்று தழுவுவது? 1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகராகிய நொபிலி பிராமண சந்நியாசியின் கோலம் பூண்டார். ஜப்பானில் அதே சபையைச் சேர்ந்த வலிஞானோ ஜென் மடத்துத் துறவியரின் அந்தஸ்து வரிசைகளைப் பார்த்துத் தம் சபையாரின் வரிசைகளை வகுத்தார். மரியாதை கிடைத்தது, உண்மை. அத்துடன் அந்நாட்டின் ஏற்றத்தாழ்வும் கேள்வியின்றி உள்ளே வந்துவிட்டது. பண்பாட்டோடு இயைதல் என்று புகழப்படுவதில் பாதி, அங்கே மேலே இருப்பவரோடு இயைதலே.

இக்குற்றங்கள் அயல்நாட்டில் தங்கியதால் விளைந்தவையல்ல. இன்னது வேண்டும், இன்னது வேண்டாம் என்று கப்பலேறும் முன்னரே தீர்மானித்துவிட்டதால் விளைந்தவை என்பது என் துணிபு. இதற்குச் சான்றாக ஜப்பானிலிருந்து நம்மிடம் கற்க வந்த இருவரைக் காட்டலாம். சுசுமு ஓனோ சென்னையில் பொற்கோவிடம் தமிழ் பயின்று, ஜப்பானியத்திற்கும் தமிழுக்கும் உறவுண்டு என்று வாதித்தார். மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நாமோ கைதட்டி மகிழ்ந்தோம். நொபொரு கராஷிமா 1960களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு வந்து கல்வெட்டுத் தமிழைக் கற்றார். திருச்சிராப்பள்ளியை அடுத்த அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு சோழர்காலத்து ஊர்களின் சாசனங்களை வரிவரியாகப் படித்து, வேளாண் ஊரில் நிலம் கூட்டுடைமையாகவும் பிராமணர் ஊராகிய பிரமதேயத்தில் தனியுடைமையாகவும் இருந்த வேற்றுமையை எடுத்துக்காட்டினார். இந்தியக் கிராமமெல்லாம் என்றும் மாறாத ஒரே அச்சு என்னும் பழைய கொள்கை இவ்வகை ஆராய்ச்சியால் தளர்ந்தது. 2010இல் கோவையில் கூடிய செம்மொழி மாநாட்டிற்கு, ஆராய்ச்சியாளர் ஆயத்தமாவதற்குப் போதிய அவகாசமில்லை என்று கூறி அவர் வராமலே இருந்துவிட்டார். நம்மைப் புகழாமலும் நம்மிடம் நிரம்பக் கற்கலாம் என்பதற்கு இவரினும் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

அரியலூர் இளைஞனுக்கோ இந்நாளில் தீர்மானங்களைப் பிறர் செய்து வைத்திருக்கின்றனர். ஐந்து நிலைகளாக நடக்கும் ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் வாசித்தலும் செவிமடுத்தலும் உண்டு. பேசுதலும் எழுதுதலும் இல்லை. மாணவ விசாவில் சென்றவன் அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். பலர் கடைகளில் நின்று, பதில் சொல்லாமல் நுழையும் வாடிக்கையாளரையெல்லாம் நோக்கி ‘இரஷ்ஷாய்மஸே’ என்று நாள் முழுதும் வரவேற்றுக் கூவுகின்றனர். அதில் பணிவும் நேரந்தவறாமையும் படியும். அவை அற்பமான லாபமல்ல. ஆனால் தான் எங்கே இடறினான் என்பதை எழுதி வைக்கும்படி எவரும் அவனைக் கேட்பதில்லை. அவனை அனுப்பும் கல்லூரி, திரும்பி வரும்போது சான்றிதழோடு ஒரு சிறு சொற்கோவையையும், தமிழ் மாணவன் தவறக்கூடிய இடங்களைத் தமிழிலேயே விளக்கும் இருபது பக்கக் குறிப்பையும் அவனிடம் கேட்டு வாங்கலாம். மதிப்பெண் இல்லாத வேலை என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அதற்கும் மதிப்பெண் வைத்துவிட்டால் போயிற்று.