மண்ணுக்கும் சுவருக்கும் இடையே

வீடு கட்டியவர் எவரும் அறிந்த உண்மை இது: சுவர் நேராக நிற்கும், நிலம் ஒருபோதும் நேராக இராது. கொத்தனாரின் தூக்குக்குண்டும் இரசமட்டமும் இந்தப் பிணக்கைத் தீர்ப்பதற்கென்றே பிறந்தவை. கடைக்கால் எடுத்து, மேட்டைத் தட்டி, பள்ளத்தைத் தூர்த்து, சுவரடியில் மண்ணை அணைத்துத் திமிசு போட்ட பின்னரே வீடு நிலத்தில் அமர்ந்ததாகக் கண்ணுக்குப் படுகிறது. சேறும் சுண்ணாம்பும் இல்லாத கணிப்பொறி விளையாட்டிலும் இதே பிணக்கு தலைகாட்டுகிறது. அங்கே அது தீர்க்கப்படும் விதத்தைக் கொண்டு அவ்விளையாட்டின் நேர்மையையே எடைபோடலாம் என்பது என் எண்ணம்.

பிழைத்திருத்தலை மையமாகக் கொண்ட விளையாட்டுகளின் கதை எளியது. வெறுங்கையனாக ஒருவன் காட்டில் விடப்படுகிறான். மரம் வெட்டி, கல் உடைத்து, இரவு வருமுன் தனக்கொரு கூரை தேடிக்கொள்ள வேண்டும். அவ்வகையில் நெடுநாள் பேசப்பட்டுவரும் 'செவன் டேஸ் டு டை' 2013 டிசம்பரில் முற்றுப்பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. நிறைவுற்ற பதிப்பு என்ற அறிவிப்புக்கு 2024 ஜூலைவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அணுப்போரால் பாழான அரிசோனா மண்ணில் கதை நிகழ்கிறது. ஏழாம் இரவுதோறும் நடைப்பிணங்கள் கூட்டமாக வந்து வீட்டைத் தாக்கும். அந்த இரவுகளில் எனக்கு நாட்டமில்லை. அவற்றுக்கு முந்திய பகல்களில் வீடு எழுப்பும் வேலையே என்னை இழுத்தது.

அங்கே முதல் சுவரை எழுப்பியவுடன் ஒரு குறை கண்ணை உறுத்துகிறது. புல்தரை சுவரைத் தொடுமுன்பே சரிந்து இறங்கிவிடுகிறது. சுவரடியில் ஆப்பு வடிவில் ஓர் இருண்ட இடைவெளி. சில இடங்களில் தளத்துக்குக் கீழே வெளிச்சம்கூடத் தெரிகிறது.

இதற்குக் காரணம் இரண்டு கணக்குகள் ஓரிடத்தில் சந்திப்பதே. அவ்வுலகம் முழுவதும் ஒரு மீட்டர் அளவுள்ள கனசதுரக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நிலத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு கட்டத்துக்கும் அடர்த்தியைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. மண்ணின் எண் முடிந்து காற்றின் எண் தொடங்கும் இடத்தைக் கணித்து, அண்டைக் கட்டங்களுக்கு ஏற்ப வளைத்து, மேற்பரப்பு வரையப்படுகிறது. இவ்வகைக் கணிப்புகளில் புகழ்பெற்றது லாரன்சன், கிளைன் ஆகிய இருவர் 1987-இல் வெளியிட்ட 'மார்ச்சிங் கியூப்ஸ்' முறை. நோயாளியின் உடலை ஊடுருவி எடுத்த படங்களிலிருந்து எலும்பின் வடிவத்தை வரைந்துகாட்டவே அது முதலில் பயன்பட்டது. எலும்பை வரையப் பிறந்த அறிவு குன்றுகளை வரையவும் கைகொடுத்தது! ஆனால் நாம் வைக்கும் கட்டையோ வளையாது. தன் கட்டத்தை இம்மி பிசகாமல் நிரப்பி நிற்கும். வளையும் பரப்பும் வளையாத கட்டையும் எதிர்ப்படும் இடத்தில் விரிசல் விழுகிறது.

விரிசல் அழகற்றது என்பது சிறிய குற்றம். பெரிய குற்றம் வேறு. கட்டடத்தின் பளு எங்கே இறங்குகிறது என்பதை இவ்விளையாட்டு கட்டங்களைக் கொண்டே கணக்கிடுகிறது. ஆகவே கண்ணுக்கு அந்தரத்தில் நிற்பதாகத் தோன்றும் சுவர், கணக்கின்படி உறுதியாக நிற்கிறது. கண் ஒன்று சொல்ல, விதி வேறொன்று சொல்கிறது. உடல் உழைப்பையும் பொருளின் பளுவையும் இத்தனை கண்டிப்பாக எண்ணும் விளையாட்டில் இந்த முரண் பொறுக்கத்தக்கதன்று.

விளையாடுவோர் தாமே வழி கண்டிருக்கிறார்கள். ஓரடுக்கு மண்ணைத் தோண்டி முதல் வரிசையைப் புதைக்கிறார்கள். சாய்வான கட்டைகளையும் மெல்லிய தகடுகளையும் விளிம்பில் பொருத்துகிறார்கள். பழைய கொத்தனாரின் வேலைதான். ஆனால் உருவாக்கியவர்கள் தாம் அமைத்த பாழடைந்த வீடுகளுக்கு இந்தப் பாடு படுவதில்லை. சுற்றியுள்ள மண்ணாகவே மாறிவிடும் நிரப்புக் கட்டை ஒன்று அவர்களுடைய வடிவமைப்புக் கருவியில் இருக்கிறது. இடிந்துபோன வீடு நிலத்தோடு இயைந்து நிற்க, உயிர்பிழைக்கக் கட்டிய வீடு ஒட்டாமல் நிற்கிறது. இந்த ஓரவஞ்சனைக்கு நான் நியாயம் காணவில்லை.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்? 'மைன்கிராஃப்ட்' மலையையே கனசதுரங்களாக வெட்டிவிட்டது. அங்கே விரிசல் இல்லை. சரிவும் இல்லை, படிகளே உண்டு. சிக்கலைத் தீர்த்தது என்பதைவிட அதைப் பிறக்கவிடவில்லை எனலாம். 2021 பிப்ரவரியில் சுவீடனிலிருந்து வந்த 'வால்ஹைம்' இன்னும் நுட்பமானது. அங்கே தூணை மண்ணுக்குள் இறக்கலாம். களைக்கொத்து போன்ற ஒரு கருவியால் நிலத்தைச் சமன் செய்யலாம், கல்லைச் செலவிட்டு உயர்த்தவும் செய்யலாம். சுத்தியலைக் கையில் எடுத்துப் பார்த்தால், நிலத்தில் ஊன்றிய மரம் நீலமாகத் தெரியும். அதிலிருந்து விலகிச் செல்லச் செல்லப் பச்சை, மஞ்சள், இறுதியில் சிவப்பு. மண்ணைத் தொடுதல் என்பது அங்கே ஒப்பனையன்று. கூரை நிற்பதற்கே அதுதான் ஆதாரம். கண்ணும் விதியும் ஒரே வாக்கைச் சொல்கின்றன.

ஆயினும் அதற்கும் ஒரு விலை உண்டு. வால்ஹைமின் நிலம் உயரங்களின் கணக்கு மட்டுமே. ஓரிடத்துக்கு ஓர் உயரம்தான். மலையைக் குடைந்து சுரங்கம் போக முடியாது. 'செவன் டேஸ்' விளையாட்டில் எங்கும் குடையலாம். அவ்வுரிமையைத் தரும் கனசதுரப் பகுப்பே விரிசலையும் தருகிறது. ஆகவே எல்லா விளிம்புகளையும் மென்பொருள் தானே மெழுகிவிடட்டும் என்று கேட்பவர்களோடு நான் முழுதும் உடன்படவில்லை. மெழுகிய விளிம்பு, நிலமும் கட்டடமும் வெவ்வேறானவை என்பதையே மறக்கச் செய்துவிடும்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் 1935-இல் பென்சில்வேனியாவில் ஓர் அருவியின்மேல் வடிவமைத்த 'ஃபாலிங்வாட்டர்' இல்லம் இங்கே நினைவுக்கு வருகிறது. அவ்விடத்துப் பாறையை அவர் முற்றிலும் தகர்க்கவில்லை. கணப்படுப்பின் முன்னே அது தளத்தைப் பிளந்துகொண்டு எழுந்து நிற்கும்படி விட்டார். சுற்றியுள்ள கல்தளம் மெருகேற்றப்பட்டு ஈரம்போல் மின்னுகிறது. பாறை மட்டும் மெருகின்றி, ஓடைநீரில் தலைநீட்டும் கல்லைப் போலக் காய்ந்து கிடக்கிறது. பொருத்து மறைக்கப்படவில்லை, ஆனால் பாறை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்பதை ஒரு மனிதர் நின்று யோசித்திருக்கிறார்.

விளையாடுபவனுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும். நிரப்புக் கட்டையை அவன் கையிலும் கொடுக்கட்டும். விலையாக அவன் தோண்டிய மண்ணை வாங்கிக்கொள்ளட்டும். எந்த விளிம்பை அணைப்பது, எதைத் திறந்து விடுவது என்பதை அவனே முடிவு செய்துகொள்வான்.