நாலு துண்டு மீன்

1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' இன்றும் விற்கிறது. அடுப்பே மூட்டத் தெரியாதவரை மனதில் வைத்து எழுதியது. என்ன, சுத்த சைவம். மீனுக்கு வேறு புத்தகம் பார்க்கணும்.

பத்திரிகைகளின் இலவச இணைப்பு இருக்கிறதே! கொடைக்கானலில் ஒரு புதன்கிழமை ராத்திரி, வேலை முடிந்து வந்து அப்படி ஒன்றைப் பிரித்துவைத்து நாலு துண்டு ரோகு வறுத்தேன். சோள மாவு, முட்டை, இஞ்சி பூண்டு விழுது என்று பதினோரு சாமான். கடைசியில், 'பொன்னிறமாகப் பொரித்தெடுக்கவும்.' அவ்வளவுதான். மிளகாய்த்தூள் பூசிய மீன் எப்போது ஐயா பொன்னிறமாகும்?

முதல் இரண்டு துண்டும் உதிர்ந்து போச்சு. இணைப்பு சொல்லாமல் விட்டது இதுதான். ஐஸில் மலையேறி வந்த மீனில் தண்ணீர் நிற்கும். துணியால் ஒற்றி எடுக்கணும். இல்லாவிட்டால் கல்லின் சூடெல்லாம் அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும். கல் நன்றாகக் காய்ந்தபின் மீனைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கணும். அடிப்பக்கம் முறுகியதும் தானே விட்டுவிடும். அவசரப்பட்டுக் கரண்டி போட்டால் சதை கல்லுக்கு, முள் நமக்கு.

மலைக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் சோறு வேகத் தாமதமாகும். தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும். வறுவலுக்கு அந்தத் தொல்லை இல்லை. காய்ந்த எண்ணெய்க்கு மலையும் ஒன்றுதான், மதுரையும் ஒன்றுதான்.

மிச்ச இரண்டு துண்டுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு மட்டும். உடையாமல் வந்தது. சோள மாவு டப்பா அப்படியே இருக்கிறது, யாருக்காவது வேணுமா?