லொத்தர்ப் பணமும் யதார்த்தமும்: ‘றோசான்’ தொடரின் முடிவு குறித்து

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1988 ஒக்டோபர் முதல் 1997 மே வரை ஒன்பது பருவங்களாக ஒளிபரப்பாகிய ‘றோசான்’ என்னும் நகைச்சுவைத் தொடர், தன் இறுதிப் பகுதிக்காகப் பெரிதும் கண்டிக்கப்பட்டது. இரசிகரை ஏமாற்றிய முடிவு என்பதே அக்கண்டனத்தின் சாரம். எமது நோக்கில், தொடரை அதன் வீழ்ச்சியினின்றும் மீட்டது அம்முடிவேயாகும்.

இலினோய் மாநிலத்தில் அமைந்ததாகக் கற்பிக்கப்பட்ட லன்ஃபோர்ட் என்னும் சிற்றூரில் வாழும் கொனர் குடும்பத்தின் கதை இது. றோசான் பிளாஸ்டிக் தொழிற்சாலைத் தொழிலாளி. கணவன் டான் கட்டடவேலை ஒப்பந்தம் செய்பவன். செலுத்த இயலாத கட்டணங்களும் வேலையிழப்புமே இங்கு நகைச்சுவையின் ஊற்றுக்கண்கள். முதற் பருவத்தின் முடிவில் (1989), உற்பத்தி அளவை உயர்த்திய மேற்பார்வையாளனை எதிர்த்து றோசானும் சக தொழிலாளப் பெண்களும் வேலையை விட்டு வெளியேறுகின்றனர். வகைமாதிரியான சூழலில் வகைமாதிரியான பாத்திரங்களைப் படைப்பதை யதார்த்தவாதத்தின் அளவுகோலாக 1888இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கெல்ஸ் முன்வைத்தார். நூறாண்டுகளின் பின் தோன்றிய இத்தொடர் அவ்வளவுகோலுக்குப் பெரிதும் ஈடுகொடுத்தது.

ஒன்பதாம் பருவத்திலோ குடும்பத்துக்கு 108 மில்லியன் டொலர் லொத்தர்ப் பரிசு கிடைக்கிறது. வர்க்க முரண்பாட்டுக்கு அதிர்ஷ்டத்தைத் தீர்வாக்கும் பொய்மை இது. இறுதிப் பகுதி அப்பொய்மையை உடைக்கிறது. பரிசு கிடைக்கவேயில்லை, முந்திய ஆண்டில் ஏற்பட்ட மாரடைப்பில் டான் இறந்துவிட்டான், துயரைத் தாங்குதற்பொருட்டு றோசான் எழுதிய கதையையே நாம் கண்டுவந்தோம்.

கனவாக முடிப்பது மலிவான உத்தி என்பர் சிலர். நிகழ்ந்த துயரை நிகழாததாக்குவது அத்தகைய முடிவுகளின் வழமை. இங்கு நிகழ்வது அதன் மறுதலை: செல்வம் கற்பனையாகிறது, மரணம் உண்மையாகிறது. கணவனின் மறைவைத் துரோகமாக உணர்ந்தமையாலேயே அவனுக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு கற்பித்ததாக அவள் கூறுவது மனங்கொள்ளத்தக்கது. அப்பருவத்தின் அபத்தங்கள் யாவும், வாழ்வில் எட்டாதவற்றை எழுத்தில் எட்ட முயன்ற உழைக்கும் பெண்ணொருத்தியின் மனத்தடங்களாகப் புதுப்பொருள் பெறுகின்றன. பார்வையாளர் இழந்தது ஓர் இனிய கனவை. பெற்றது, அக்கனவு ஏன் தேவைப்பட்டது என்ற அறிவை.

இம்முடிவுக்கும் வரையறை உண்டு. 1989இல் தோழியருடன் கூட்டாக வெளியேறியவள், 1997இல் தனித்திருந்து எழுதுகிறாள். கூட்டுச் செயற்பாட்டின் இடத்தைத் தனிமனித ஆறுதல் பற்றிக்கொள்கிறது. எனினும், ஆறுதலைத் தீர்வெனக் காட்டாது ஆறுதலாகவே காட்டிய நேர்மை அதற்குண்டு.

2018இல் தொடர் மீளத் தொடங்கியபோது டான் உயிருடனிருந்தான். மக்கள் விரும்பிய பாத்திரமொன்றை இறந்ததாக விட்டுவைக்க வணிகத் தொலைக்காட்சி ஒருப்படவில்லை. 1997இன் முடிவு எத்துணைத் துணிவுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.